உந்துவிசையின் சாய்வு

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கடற்கரையில் மீன்பிடி படகுகள் பலவற்றைக் காணலாம். அவற்றுட் சிலவற்றின் பின்புறத்தில் இயந்திரத்தோடு இணைந்த நீண்ட தண்டும், அதன் முனையில் சுழலியும் இருக்கும். மீனவர் அத்தண்டினைச் சிறிது திருப்பினால் படகின் போக்கு மாறிவிடும். சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பிச்சாவரத்து உப்பங்கழியிலோ, ஒரு புறம் மட்டும் துடுப்பு வலித்தால் படகு மறுபுறம் திரும்பும். விசையின் அளவு மட்டுமன்றி, அதன் திசையும் இன்றியமையாதது என்பதை இவை உணர்த்துகின்றன. இவ்வுண்மை விமானத்திற்கும் பொருந்தும்.

வானொலி அலைகளின் துணைகொண்டு தரையிலிருந்தே இயக்கப்பெறும் மாதிரி விமானங்கள் உண்டு. முன்புறத்தில் ஒரே சுழலியுடைய இத்தகைய விமானத்திற்கு முழுவிசை கொடுத்தவுடன், அது மூக்கை உயர்த்தி இடப்புறம் விலகுவதுண்டு. மூக்கு அளவுகடந்து உயர்ந்தால் வேகம் குன்றும். இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். பல நாள் உழைத்துச் செய்த விமானம் நொடிப்பொழுதில் வீழ்ந்து சிதறும்.

இதற்குக் காரணம் யாது? பின்னிருந்து நோக்குவார்க்குச் சுழலி வலஞ்சுழியாகச் சுழல்கின்றது. ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டு என்பது நியூட்டன் கண்ட விதி. ஆகவே விமானத்தின் உடல் இடப்புறம் சாய முற்படுகின்றது. சுழலி தள்ளும் காற்றும் திருகிச் சென்று வாலின் இடப்பக்கத்தில் மோதுவதால், மூக்கு இடப்புறம் திரும்புகின்றது. மேலும், வேகம் மிகுந்தால் இறக்கையின் தூக்குவிசையும் மிகுந்து விமானம் மேலே எழுகின்றது. 1903 ஆம் ஆண்டில் பறந்த ரைட் சகோதரர் விமானத்தில் இரு சுழலிகள் எதிரெதிராகச் சுழன்றமையால், ஒன்றன் எதிர்விசையை மற்றொன்று ஈடுசெய்தது. ஒரே சுழலியுடைய விமானத்திற்கு வேறு வழி வேண்டும்.

அவ்வழி எளியது. இயந்திரத்தையே இரண்டு அல்லது மூன்று பாகை வலப்புறமாகவும், அவ்வாறே சிறிது கீழ்நோக்கியும் சாய்த்துப் பொருத்துவர். இயந்திரத்தைத் தாங்கும் இடப்பக்கத் திருகாணிகளின் பின்னே வாஷர் எனப்படும் மெல்லிய வளையத்தை இட்டால், அது வலப்புறம் நோக்கும்; மேற்பக்கத் திருகாணிகளின் பின்னே இட்டால், கீழ்நோக்கும். திருகாணிகளுக்கிடையே 40 மில்லிமீட்டர் தொலைவு இருப்பின், இரண்டு பாகைச் சாய்வுக்கு 1.4 மில்லிமீட்டர் கனமே போதும்.

வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி வைத்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. முழுவிசைக்கு ஏற்ப அதனைத் திருப்பி வைத்தால், விசையைக் குறைத்து இறங்கும்போது விமானம் மறுபுறம் விலகும். இயந்திரத்தின் சாய்வோ விசை மிகும்போது மிகுதியாகவும், குறையும்போது குறைவாகவும் பயன்தரும்.

திருத்தும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் விமானத்தின் எடை உரிய இடத்தில் சமனாக நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அடுத்து, விசையை மிகக் குறைத்து அது நேராக மிதந்து வருமாறு வாற்பகுதியைச் சீராக்குதல் வேண்டும். அதன் பின்னரே முழுவிசை கொடுத்து நோக்கல் வேண்டும். அப்போது மூக்கு உயர்ந்தால் கீழ்ச்சாய்வையும், இடப்புறம் விலகினால் வலச்சாய்வையும் ஒவ்வொரு பாகையாகக் கூட்டுவர். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எம்மாற்றம் எப்பயனைத் தந்தது என்பது விளங்காது. திருகாணியைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்தி, மின்கலத்தையும் கழற்றிவிடல் வேண்டும். சுழலும் அலகு விரலைத் துண்டிக்க வல்லது.

வாலிலே தோன்றும் குறைக்கு மூக்கிலே காரணம் இருத்தல் கூடும். காரணம் உள்ள இடத்தை ஆராய்ந்து, ஒவ்வொன்றாகத் திருத்துவோனுடைய விமானமே நேராகப் பறக்கும்.