வழக்கம் மாறினால் வனமும் மாறும்

மனிதர் கைக்கொள்ளும் வழக்கம் அவர்தம் இல்லத்தோடு நின்றுவிடுவதன்று. காட்டையும் நீரையும் பறவையையும் அது தொடும். வழக்கம் மாறுமிடத்து அவையும் ஆக்கமோ கேடோ அடையும். நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்திலுள்ள பாங்தி என்னும் ஊரைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பாங்தி, லோதா நாகர் வாழும் ஊர். வேட்டை அவர்களுக்கு உணவு தந்தது. வேட்டையில் வல்லவனுக்கு மதிப்பும் தந்தது.

தோயாங் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட நீர்மின் அணை 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. விளைநிலங்கள் மூழ்கின, உழுதவர் பலர் மீன் பிடிப்போராயினர். அந்நீர்த்தேக்கக் கரைகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமூர் வல்லூறுகள் இலட்சக்கணக்கில் தங்கலாயின. ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள இப்பறவை சைபீரியா, வடசீனப் பகுதிகளினின்று ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்வது. இங்கே ஈசலும் பூச்சியும் உண்டு வலிமை பெற்று, பின்னர் அரபிக் கடலைக் கடக்கும்.

நிலமிழந்தோர் கையில் மீன்வலை இருந்தது. பறவையை விலைக்கு வாங்குவோரும் இருந்தனர். நீரில் கிடந்த வலை மரங்களினிடையே ஏறிற்று. 2012ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை பறவைகள் கொல்லப்பட்டதாக, பானோ ஹராலு முதலியோர் நேரில் கண்டு மதிப்பிட்டனர். இது பழைய வேட்டையன்று. வேட்டையின் பெயரால் நடந்த வாணிகம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டிலேயே பிறந்ததே, அது ஏன் காக்கவில்லை? நாகாலாந்தில் காடும் நிலமும் பெரும்பாலும் குலங்களுக்கும் ஊர்களுக்கும் உரியவை. ஊரார் உள்ளம் இசையாதவரை சட்டம் ஏட்டளவில் நின்றது.

உள்ளம் இசைந்தபோது ஓராண்டே போதுமானதாயிற்று. ஊர்ச்சபை தடை விதித்தது, தேவாலயங்களில் போதித்தனர், சிறுவர்க்குக் கற்பித்தனர். 2013இல் கொலை நின்றது. அவ்வாண்டு நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடுத்த மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி எனப் பெயரிட்டனர். முன்னாண்டு கொன்ற ஊரின் பெயரைச் சுமந்து ஒரு பறவை கடல் கடந்தது.

இதனால் நாம் கற்பன இரண்டு. முதலாவது: பழமை என்பதனால் ஒன்றைக் கொள்ளவும், புதுமை என்பதனால் தள்ளவும் வேண்டா. வழக்கம் மாறியே அழிவு வந்தது. வழக்கம் மாறியே காப்பும் வந்தது. எம்மாற்றமாயினும் விளைவு கண்டு தெளிதல் வேண்டும்.

இரண்டாவது: வலையை விட்டவர் வருவாயையும் விட்டார். கூலியால் வாழ்வோர் இதன் கடுமையை அறிவர். பறவை காண வருவோரால் சிலர்க்கு ஊதியம் உண்டு. வலை விட்டோர் அனைவர்க்கும் அது எட்டுவதில்லை. நிலமிழந்தவன் மீதே காக்கும் சுமையையும் ஏற்றிவிட்டு, ஏனையோர் புகழ்ந்து மட்டும் நிற்பது நீதியாகாது. சுமை பகிரப்படின் நல்வழக்கம் நிலைக்கும். இன்றேல் வலை மீண்டும் மரமேறும்.

சிந்தனைக்கு: நம் ஊர் ஏரியையும் குளத்தையும் எவ்வழக்கம் காத்தது? எவ்வழக்கம் கெடுத்தது? அவற்றைக் காப்பதன் சுமையை இன்று சுமப்பவர் யார்?