பிடிவாதமா, ஓமோனா?

ஒட்சிற்றோசின் என்றதும் பிரசவம், தாய்ப்பால் என்று எழுதிவிடுகிறோம். பதகளிப்போடும் அதற்குத் தொடர்புண்டு என்பதை வாசித்தபோதுதான் எனக்கு அந்த ஓமோன் பிடித்துப்போனது.

1956இல் சூரிச் மருத்துவர்கள் விவரித்தது பிறேடர்–வில்லி நோய். தந்தைவழி 15ஆம் நிறமூர்த்தத்தின் சில மரபணுக்கள் இயங்காததால் மூளையின் பரிவகக்கீழ் பாதிக்கப்படுகிறது. அடங்காப் பசி வரும். கேட்டதையே பிள்ளை நூறு தரம் கேட்கும், சிறு மாற்றத்துக்கும் கலங்கி அழும். ஊரார் உம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்வார்கள். (அது எப்போதும் இலகு!)

ஒட்சிற்றோசினை ஒத்த காபெற்றோசினை மூக்கில் விசிறிப் பார்த்தார்கள். 3.2 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பசியும் பதகளிப்பும் குறைந்தன; 9.6 எடுத்தவர்களுக்கு எதிர்பார்த்த பலனில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி மறுத்தது. 2025இல் வெளியான அடுத்த பரிசோதனை முடிவும் கைகொடுக்கவில்லை.

ஆகவே வைத்தியர்கள் இன்றும் பெற்றோரிடம் கேட்பது, சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள், அடுத்து நடக்கப்போவதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள் என்பதையே.