மேலறை நடுங்கினால்...

கேள்வி: அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லையாம். அதற்கு ஏன் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை? இது அபூர்வமான நோயா?

பதில்: அபூர்வமா? 2019 கணக்குப்படி உலகில் சுமார் 6 கோடிப் பேருக்கு இந்த ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ இருந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையில் ஒட்டியிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்த நோய் இல்லாதவர்களைவிட அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு. பலருக்கு வாய் கோணிய பிறகுதான் துடிப்புக் கோளாறே தெரியவருகிறது என்பதுதான் கொடுமை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அந்த அபாயத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கும். ஆனால் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி வேண்டும், லேப் வசதியில்லாத ஊர்களில் அது பெரும்பாடு. அந்தப் பரிசோதனை அடிக்கடி தேவைப்படாத புது மாத்திரைகளை 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எந்த மாத்திரையானாலும், டாக்டரைக் கேட்காமல் அப்பா அதை நிறுத்த விடாதீர்கள்.