ஒரே ஓர் ஊரைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதித் தோழிகளோடு சேர்ந்து வாசிப்பு வட்டம் தொடங்கியிருக்கிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாரத்துக்கு ஒரு புத்தகம் முடிக்கிறோம், முடிக்க முடிக்கக் கோபம்தான் மிஞ்சுகிறது, இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது அத்தை என்று கடைசியில் கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

நூலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் உன்னைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் அம்பேத்கரை எடுத்துப் போவார்கள், அடுத்த வாரம் பெரியார், அதற்கடுத்து சே குவேரா. சில மாதங்களில் ஆளையே காணாது. அவர்களுக்கு அக்கறை குறைவு என்று சொல்லமாட்டேன். ஒரு கொடுமையிலிருந்து இன்னொரு கொடுமைக்குத் தாவிக்கொண்டே இருந்தால் எந்த மனசும் ஓய்ந்துதான் போகும். கொஞ்ச நாளைக்குப் புதுப் புத்தகம் எடுக்காதே. ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படி.

கீழ்வெண்மணியிலிருந்து தொடங்கு. 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அநேகம் பேர் அந்த இரவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நீ அதற்கு முன்னால் போ. அறுவடைக்கு அவர்கள் கூடுதலாகக் கேட்ட நெல் எவ்வளவு? மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஏன் ஒன்றுகூடினார்கள்? சேரியில் பறந்த செங்கொடி அவர்கள் கண்ணை ஏன் அவ்வளவு உறுத்தியது? அப்புறம் அந்த இரவுக்குப் பின்னால் போ. 1969இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கூலிக்குச் சட்டம் கிடைத்தது, உயிருக்கு நீதி கிடைக்கவில்லை. இது எப்படி நடந்தது என்பதை உங்கள் வட்டத்தில் ஒரு மாதம் பேசினாலும் தகும்.

அதே சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார், 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. கீழத்தஞ்சை மண்ணிலிருந்து வந்த சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுதினார். மைதிலி சிவராமன் அந்த ஊருக்கே போய், உயிர் தப்பியவர்களிடம் பேசிக் கட்டுரைகள் எழுதினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. இ.பா.வின் நடை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கூலி கேட்டவர்களின் போராட்டம் ஒரு மிராசுதாரின் ஆண்மைக் குறைவுக்குள் போய்ச் சுருங்குவதை என்னால் ஏற்கமுடியவில்லை. நீ வேறு மாதிரி நினைத்தால் தாராளமாக எழுது, காரணத்தோடு எழுது. பாமாவின் ‘கருக்கு’ 1992இலேயே வந்துவிட்டது, அதை இன்னும் தொடவில்லை என்கிறாய். பட்டவர்கள் எழுதியதை முதலில் படித்துவிட்டு, அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியதற்குப் போ. அப்போதுதான் எது விடுபட்டிருக்கிறது என்று பிடிபடும்.

என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். அரூர் பக்கத்து வாச்சாத்தியைப் பார். 1992 ஜூன் 20, சந்தனமரக் கடத்தலைத் தேடி வந்தோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள், பாதிக்கப்பட்டவர்களையே சிறையில் அடைத்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் வழக்கை விடவில்லை. சிபிஐ விசாரணை வந்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

19 வருஷம் பாப்பா, முதல் தீர்ப்புக்கே! ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு அந்தப் பெண்கள் வந்திருக்க வேண்டும். நடந்ததை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். யாரோ பஸ்ஸுக்குக் காசு கொடுத்திருப்பார்கள், யாரோ காகிதங்களைத் தொலைக்காமல் வைத்திருப்பார்கள். எழுதுபவர்கள் இந்த வருஷங்களை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். நீ அங்கேதான் நிதானித்துப் படிக்க வேண்டும். வழக்கு எப்படிப் பிழைத்தது, சங்கம் எப்படிக் கலையாமல் நின்றது என்று தெரிந்துகொள்வதுதான் உனக்கு நாளைக்கு உதவும்.

கதை, கட்டுரையோடு சட்டங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் தமிழ்ப் பிரதி கிடைக்கும். பிரிவு பிரிவாக ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். உன் அறைத்தோழிக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்னும் வந்துசேரவில்லை என்று எழுதியிருந்தாயே. இந்த வாரம் வட்டம் கூடும்போது அவள் பேரில் ஒரு தகவல் மனு எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். 30 நாளுக்குள் அந்த அலுவலகம் பதில் தரவேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எந்தத் தேதியில் அவளுடைய உதவித்தொகை விண்ணப்பம் யார் மேசைக்குப் போனது, அங்கே எத்தனை நாள் இருந்தது என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். அனுப்புவதற்கு முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ள மறக்காதே. மனுவை எனக்கும் ஒரு தடவை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை