ஆறு ஓடிய தடத்தில் பேருந்து

கேள்வி: மெக்சிகோவில் ஒரே ஒரு பழைய நகரத்துக்குத்தான் போக முடியும் என்றால் எதைப் பார்க்கலாம்?

பதில்: குவானஹுவாட்டோ. மலைச்சரிவில் மஞ்சளும் நீலமும் காவியுமாக வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் ஊர். வெள்ளிச் சுரங்கங்களால் செழித்தது. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஊருக்கு அடியிலேயே ஒரு சாலை போகிறது. தலைக்கு மேல் கல் வளைவுகள், இருபுறமும் கறுத்த சுவர்கள், நடுவே பேருந்து நிறுத்தம். ஒரு காலத்தில் அங்கே ஆறு ஓடியது. வெள்ளம் அடிக்கடி ஊரைப் புரட்டிப் போட்டதால் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். 1960களில் அந்தப் படுகை சாலையானது.

தவறவிடக் கூடாத இடம் அல்ஹோந்திகா. கட்டியது தானியக் கிடங்காக. 1810 செப்டம்பர் 28 அன்று விடுதலைப் போராளிகள் அதைத் தாக்கினார்கள். பிபிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு, குண்டு மழைக்கு நடுவே தவழ்ந்துபோய்க் கதவுக்குத் தீ வைத்ததாகச் சொல்கிறார்கள். மறுவருடம் அந்தப் போராளிகளின் தலைவர் இதால்கோ உட்பட நால்வரின் வெட்டப்பட்ட தலைகள் அதே கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிடப்பட்டன. 1821 வரை அவை அங்கேயே இருந்தன. அந்த மூலைகளில் இன்று அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே சற்று நேரம் நிற்காமல் வரக் கூடாது.

ஓவியர் தியேகோ ரிவேரா பிறந்த வீடும் நடை தூரத்தில்தான். ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், கல் பாவிய ஏற்ற இறக்கங்களோடு இருப்பதால் நல்ல பிடிமானமுள்ள செருப்பு அவசியம். அக்டோபரில் செர்வாந்தீனோ கலைவிழா நடக்கும். அப்போது போகிறவர்கள் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுவது நல்லது.