“யாரூட்டுப் பையன் நீ?”



அப்ளைடு மெக்கானிக்ஸ் வகுப்பில் உத்திரத்தின் மேல் பாரம் ஏற்றிக் கணக்குப் போடுகிறோம். பாரம் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் விடை வராது. தாங்கிகள் எங்கே இருக்கின்றன என்றும் தெரிய வேண்டும். மனிதனும் அப்படித்தான். 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், உடலும் மனமும் மட்டுமல்ல, சமூக வாழ்வும் நலமாக இருப்பதே ஆரோக்கியம் என்கிறது. இந்த மூன்றாவதைத்தான் நாம் கண்டுகொள்வதில்லை.

அமெரிக்காவில் அலமேடா என்ற மாவட்டத்தில் 6,928 பேரை ஒன்பது ஆண்டுகள் கவனித்து, பெர்க்மன், சைம் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். குடும்பம், நண்பர், வழிபாட்டு இடம், சங்கம் என்று ஒட்டும் உறவும் குறைந்தவர்களிடையே இறப்பு, உறவு நிறைந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. புகை, குடி, வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணைக்காகப் பல ஊர்கள் நீருக்குள் போயின. தண்ணீர் வற்றும் வருடங்களில் பண்ணவாடியில் நந்தி சிலையும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும். நாமும் பஸ் ஏறிப் போய் வேடிக்கை பார்க்கிறோம். நிலத்துக்கு விலை போட்டுவிடலாம். அவசரத்துக்கு ஓடி வருகிற பக்கத்து வீட்டுக்கு என்ன விலை போடுவது?

நான் மேச்சேரிக்காரன். எங்கள் சந்தையில் நின்றால் யாராவது ஒரு பெரியவர் “யாரூட்டுப் பையன் நீ?” என்பார். பதில் சொன்னால் போதும், டீ வரும், அப்பாவின் இருமல் பற்றி விசாரணை வரும். தறி நின்றுபோன வீட்டுக்கு அரிசி வந்ததும் இந்தக் கேள்வியால்தான். ஆனால் அதே கேள்வி சில நேரம் தெருவைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது. தெரிந்ததும் டம்ளர் மாறுகிறது, பேச்சும் மாறுகிறது. ஊர் தாங்குகிறது என்று எழுதுகிறவர்கள் யாரைத் தாங்குகிறது என்றும் எழுத வேண்டும். என் வகுப்புத் தோழி சொன்னாள்: “உங்களுக்கு அது விசாரிப்பு. நாங்க பஸ் ஸ்டாண்டுல நாலு நிமிஷம் நின்னா வீட்டுக்குச் சேதி போயிடுது.”

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சேலம், தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க உதவாது. சிறுவயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை விழும், தேய்த்தால் போகாது. இண்டர்வியூ அறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற நம் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். கூச்ச சுபாவம் என்று மார்க் குறைப்பவருக்கு அது போர் தண்ணீரின் வேலை என்று தெரியாது.

ஓசூரில் வேலை கிடைத்துப் போன எங்கள் ஊர் சீனியர் ஒருவர் மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். சம்பளத்தில் குறையில்லை. “ரூம்ல ஆறு பேரு, ஆளுக்கொரு ஷிப்ட். காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன், ஏன்டா படுத்திருக்கேனு கேக்க ஆளில்ல” என்றார். ஊரிலோ, வேலையை விட்டுட்டு வந்துட்டான் என்ற பேச்சு. இரண்டும் சேர்ந்து மனுஷனைத் தூங்கவிடவில்லை. (இப்படித் தூக்கம் கெட்டவர்கள் மனதுக்குள் வைத்துப் புழுங்காமல் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.)

பிறகு, நம் சீனியர்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இடம் பிடித்து மறுபடி ஓசூர் போனார். பத்ரகாளியம்மன் கோயில் மாசித் தேருக்கு வந்தபோது பார்த்தேன். அதே மாதிரி ஷிப்ட் வேலைதான், ஆள் தெளிந்திருந்தார். அந்த வீட்டில் ஐந்து பேரும் ஐந்து தெரு. ஊரில் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் சாப்பிட்டதில்லை. அங்கே முறை வைத்துச் சமைக்கிறார்களாம். இவர் முறை ஞாயிறு.