இரண்டு உறுப்பு, நடுவில் மைனஸ்: அக்கா சொல்லும் டிப்ஸ்

தம்பி, தங்கச்சிகளா! காரணிப்படுத்தச் சொன்ன கோவையில் இரண்டே உறுப்பு இருந்து, நடுவில் மைனஸும் இருந்தால், இரண்டும் வர்க்கமா என்று பாருங்க. எக்ஸ்² − 49 என்றால் விடை (எக்ஸ் + 7)(எக்ஸ் − 7). ஏ² − பி² = (ஏ + பி)(ஏ − பி) என்ற முற்றொருமைதான் இது. பெருக்கிப் பாருங்க: +7எக்ஸும் −7எக்ஸும் அடிபட்டுப் போகும். அதனால்தான் கோவையில் நடு உறுப்பே இல்லை.

இதை (ஏ − பி)² உடன் குழப்பிக்கக் கூடாது. 5, 3 போட்டால் 25 − 9 = 16; ஆனால் (5 − 3)² வெறும் 4.

1 முதல் 20 வரை வர்க்கங்கள் மனப்பாடமா இருக்கணும். 289-ஐப் பார்த்ததும் 17 என்று வாயில் வரணும். 1-ம் வர்க்கம்தான், மறக்காதீங்க. எழுத்தின் அடுக்கு இரட்டைப்படை என்றால் அதுவும் வர்க்கம்: எக்ஸ்⁶ என்பது எக்ஸ்³-இன் வர்க்கம்.

நிறைய பேர் மார்க்கை விடுவது 8எக்ஸ்² − 18 மாதிரி கணக்கில்தான். 8-ம் வர்க்கமில்லை, 18-ம் வர்க்கமில்லை, அதனால் முடியாது என்று அடுத்த கணக்குக்குப் போயிடறாங்க. பொதுக் காரணி 2-ஐ வெளியே எடுத்துப் பாருங்க: 2(4எக்ஸ்² − 9). உள்ளே இரண்டும் வர்க்கம்! விடை 2(2எக்ஸ் + 3)(2எக்ஸ் − 3). வெளியே எடுத்த 2-ஐக் கடைசி வரி வரைக்கும் கூடவே எழுதிட்டு வாங்க. எந்தக் கணக்கிலும் பொதுக் காரணியைத் தேடுவதுதான் முதல் வேலை, முற்றொருமை அதுக்கு அப்புறம்தான்.

எக்ஸ்⁴ − 16-ஐ (எக்ஸ்² + 4)(எக்ஸ்² − 4) என்று எழுதிட்டு நிறுத்தாதீங்க. இரண்டாவது அடைப்பு இன்னும் பிரியும்: (எக்ஸ்² + 4)(எக்ஸ் + 2)(எக்ஸ் − 2). நடுவில் பிளஸ் இருக்கும் எக்ஸ்² + 4 மெய்யெண்களில் பிரியாது, அப்படியே விட்டுடுங்க.

(எக்ஸ் + 3)² − 16 வந்தால் விரிக்கவே வேண்டாம். அடைப்பு முழுவதையும் ஒரே எழுத்தா வச்சுக்கிட்டால் (எக்ஸ் + 7)(எக்ஸ் − 1) என்று ஒரே வரியில் முடியும்.

விடை எழுதினதும் எக்ஸுக்கு 10 போட்டுப் பாருங்க. 8எக்ஸ்² − 18-இல் 782 வரும். விடையில் 2 × 23 × 17, அதுவும் 782. ஆனால் பாதியில் நின்ற விடையும் இந்தச் சோதனையில் தேறிடும். அதனால் பேனாவை வைக்கும் முன்னாடி ஒவ்வொரு அடைப்பையும் இன்னொரு தடவை பார்த்துடுங்க.